உப்புக் கொடுத்து நெல்லு வாங்கிய கதை யாருக்காவது தெரியுமா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் தரம் 9 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். எத்தியோப்பியாவில் தனகில் பாலைநிலத்தில் வெட்டிய உப்புக் கட்டிகள் 'அமோலே' என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டு வரை காசாகப் புழங்கியதைச் சொன்னேன். வெட்டும் இடத்திலிருந்து தூரம் போகப் போகக் கட்டிக்கு மதிப்புக் கூடும். (மழையில் நனைந்தால் காசு கரைந்துவிடும், அது வேறு கதை.) உடனே ஒருத்தி, "ஆனையிறவு உப்பளம் பக்கத்திலதானே, அப்ப எங்கட உப்புக்கு மதிப்பில்லையா டீச்சர்?" என்றாள். சரியான கேள்விதான்.

சங்ககால உமணர் (உப்பு வணிகர்) நெல்லுக்கு உப்பு மாற்றியது தெரியும். எனக்கு வேண்டியது வன்னிக் கதை. கரையோரத்து உப்பைக் கொடுத்து நெல்லு வாங்கியதாக உங்கள் அம்மம்மா, அப்பப்பா யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஒரு கொத்து உப்புக்கு எவ்வளவு நெல்லு? வண்டிலிலா, தலைச்சுமையிலா? ஒரு வரி என்றாலும் எழுதுங்கள். குரல்பதிவு என்றால் இன்னும் நல்லது, வகுப்பிலேயே போட்டுக் காட்டுவேன்.