கத்தரிக்குச் செண்டுமல்லியா, வலையா?

மேட்டுக்காடு:
ஒட்டன்சத்திரம் பக்கம் 30 சென்ட்டில் கத்தரி போட்டிருக்கிறேன். ரசாயன மருந்து அடிப்பதில்லை என்று முடிவெடுத்து, வரப்பு முழுக்கச் செண்டுமல்லி நட்டேன். பூ அமோகமாகப் பூத்தது. காய்தான் போனது. போன பறிப்பில் பத்துக் காய்க்கு நாலு சொத்தை. மண்டியில் கூடையைக் கொட்டிப் பார்த்துவிட்டு பாதி விலைகூடச் சொல்லவில்லை. துணைப்பயிர் கண்ணுக்குத்தான் அழகு, பூச்சிக்கு ஒன்றும் செய்யாது என்பது என் அனுபவம். அடுத்த போகத்துக்கு வலை கட்டப்போகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும்.

கீரைப்பாத்தி:
காரணத்தோடேயே சொல்கிறேன் தம்பி. செண்டுமல்லி தக்காளிக்கான பொறிப்பயிர். தக்காளியைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லி மொட்டு என்றால் கொள்ளை ஆசை. முட்டையை அங்கேதான் வைக்கும். அதனால்தான் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று பரிந்துரைக்கிறார்கள். அதிலும் கணக்கு இருக்கிறது. தக்காளி நாற்றுக்கு 25 நாள் என்றால் செண்டுமல்லி நாற்றுக்கு 40, 45 நாள் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். பூ பிந்தினால் புழு தக்காளிக்கே போய்விடும்.

உங்கள் கத்தரியைத் துளைப்பது வேறு பூச்சி. அதற்குக் கத்தரியும் அதன் சொந்தபந்தமும்தான் சாப்பாடு. செண்டுமல்லியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆளை மாற்றிக் காவலுக்கு வைத்துவிட்டு, காவலே வீண் என்று சொன்னால் எப்படி?

வலைத்தோட்டம்:
அக்கா சொன்னதிலேயே எனக்கு வேண்டிய பதில் இருக்கிறது. கத்தரிப் பூச்சி வேறு செடிக்குப் போகாது என்றால், அதை இழுக்கப் பொறிப்பயிரும் கிடையாது. அப்போது தடுப்பு ஒன்றுதானே வழி? முட்டை பொரித்ததும் புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். உள்ளே போனபின் வேப்பங்கொட்டைச் சாறும் எட்டாது, கடை மருந்தும் எட்டாது. இது அதிக உயரம், அதிக தூரம் பறக்கிற பூச்சியும் இல்லை. ஆறரை அடிக்கு நைலான் வலையைச் சுற்றிலும் கட்டி, மேலே திறந்து விடுங்கள். வருவதில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். நான் மூன்று போகமாக இப்படித்தான் செய்கிறேன்.

கீரைப்பாத்தி:
உள்ளே ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வீர்கள்? நாற்றோடு வருவது, மண்ணிலும் சருகிலும் கூட்டுப்புழுவாகக் கிடப்பது எல்லாம் வலைக்குள்தானே பொரிக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடம்பில் முட்டையிடும் டிராத்தலா என்ற சின்னக் குளவி நம் ஊரிலேயே உண்டு. அது உயிரோடு இருக்கத் தேன் வேண்டும். ஊடே கொத்தமல்லியையும் சோம்பையும் பூக்கவிட்டால் அந்தக் குளவிக்குச் சாப்பாடு. துணைப்பயிர் என்றால் பூச்சியை விரட்டும் வாசனை என்று மட்டும் நினைக்காதீர்கள். நமக்கு வேலை செய்பவர்களுக்குச் சோறு போடுவதும் அதில் சேர்த்தி.

தென்னந்தோப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெண்டைக்கு வலையைவிட மக்காச்சோளம்தான் எனக்குக் கைகொடுத்தது. வெண்டை ஊன்றுவதற்கு முன்பே சுற்றிலும் மூன்று வரிசை நெருக்கி ஊன்றிவிட வேண்டும். வெள்ளை ஈ காற்றில் மிதந்து வரும் பூச்சி, வேலி உயரமாக இருந்தால் கொஞ்சம் அதிலேயே தங்கிவிடுகிறது. அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் முழுக்க நிற்கவில்லை. ஆனால் தாமதமாகத்தான் வந்தது, அதற்குள் பாதிக் காய் பறித்துவிட்டேன்.

வலைத்தோட்டம்:
ஐயா சொல்வது சரி. மேலே திறந்த வலை வெள்ளை ஈயை நிறுத்தாது. அதற்கு 40 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண் உள்ள வலையால் முழுக்க மூட வேண்டும், அது நாற்றங்காலுக்குத்தான் கட்டுப்படியாகும். தக்காளி நாற்றை அப்படி மூடி வளர்த்தால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் தொடக்கத்திலேயே தொற்றாமல் காப்பாற்றலாம். வயல் முழுக்க மூடினால் வெக்கை. கத்தரிக்கு வேறு சங்கடமும் உண்டு. அதன் மகரந்தப் பையில் நுனியில் மட்டும்தான் துளை, வண்டு வந்து பூவைப் பிடித்து அதிரவைத்தால் மகரந்தம் நன்றாகக் கொட்டும். அதனால்தான் மேலே திறக்கச் சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் புழுவைப் பற்றி அக்கா கேட்டது நியாயமான கேள்வி. வாடித் தொங்கும் குருத்தை வாரம் இரண்டு முறை கிள்ளி எடுத்து எரிக்க வேண்டும். கிள்ளாமல் வலை மட்டும் கட்டினால் பணம் தண்டம், ஒப்புக்கொள்கிறேன்.

கீரைப்பாத்தி:
எரிக்கும்போது உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சும் சேர்ந்து எரியும். கிள்ளிய குருத்தை ஒரு வாளியில் போட்டு, நுண்வலையால் மூடி வரப்பில் வையுங்கள். வலைக்கண் குளவி வெளியேறும் அளவு, அந்துப்பூச்சி வெளியேற முடியாத அளவு இருந்தால் போதும்.

மேட்டுக்காடு:
செண்டுமல்லி விஷயத்தில் தவறு என்னுடையது, ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. ஆனால் குளவி வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. கடன் இருக்கிறது. குருத்தைத் தவறாமல் கிள்ளத்தான் செய்தேன், அப்படியும் இவ்வளவு சொத்தை.

வலைத்தோட்டம்:
போன போகத்துக் கத்தரிமாரை, அதான் பறிப்பு முடிந்த செடித்தண்டை, என்ன செய்தீர்கள்?

மேட்டுக்காடு:
விறகுக்குக் கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஏன்?

வலைத்தோட்டம்:
அதுதான். அந்தக் காய்ந்த மாரிலும் அதன் அடியில் கிடக்கும் சருகிலும் கூட்டுப்புழு இருக்கும். பத்து நாளில் அந்துப்பூச்சி ஆகிவிடும். வயலுக்கு நீங்களே பூச்சி சப்ளை செய்திருக்கிறீர்கள் அண்ணே. முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

கீரைப்பாத்தி:
இதில் நான் உங்கள் பக்கம். நட்ட மூன்றாம் வாரத்திலேயே, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்துவிடுங்கள் தம்பி. எத்தனை விழுகிறது என்று தினமும் எண்ணினாலே, வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயே பெருகுகிறதா என்று ஓரளவு பிடிபடும்.

மேட்டுக்காடு:
சரி. மாரை நாளைக்கே அகற்றுகிறேன். அடுத்த போகத்தில் 15 சென்ட்டுக்கு வலை, மீதி 15 சென்ட்டில் கொத்தமல்லி ஊடுபயிர். இரண்டிலும் ஒரே மாதிரி குருத்துக் கிள்ளி, ஒவ்வொரு பறிப்பிலும் சொத்தையை எண்ணி இங்கே எழுதுகிறேன்.

கீரைப்பாத்தி:
கொத்தமல்லியை ஒரே நாளில் விதைக்காதீர்கள். பதினைந்து நாளைக்கு ஒரு பாத்தி என்று விட்டு விட்டு விதைத்தால்தான் பூ தொடர்ந்து இருக்கும். கீரைக்குப் பறித்துவிடவும் கூடாது.

வலைத்தோட்டம்:
இரண்டையும் ஒட்டிப் போடாதீர்கள் அண்ணே. நடுவில் தட்டைப்பயறோ சோளமோ நாலு வரிசை விடுங்கள். இல்லாவிட்டால் அக்கா பக்கத்துப் பூச்சி என் வலை வாசலில் வந்து நிற்கும்.