பழைய ராலே சைக்கிள்: எந்த மாடல், எப்படிச் சீர்செய்வது?

கேள்வி (திருவல்லிக்கேணி)

வணக்கம். என் பெரியப்பா ஓட்டிய ராலே சைக்கிள் ஒன்று எங்கள் பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியில் பல ஆண்டுகளாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. வீட்டை இடிக்கப்போவதால் எடுத்து வந்திருக்கிறேன். ஃபிரேம் கரும்பச்சை நிறம். முன்பக்கப் பட்டயத்தில் நாரையின் தலையும் ‘நாட்டிங்காம், இங்கிலாந்து’ என்ற எழுத்துகளும் தெரிகின்றன. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. பிரேக் கேபிளில் இயங்குவது. பின்சக்கர ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, துடைத்தபோது ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும், 52, 7 என்ற எண்களும் வெளிப்பட்டன. டயர்கள் தொட்டாலே உதிர்கின்றன. இது எந்த ஆண்டைச் சேர்ந்தது, பந்தயத்துக்கான மாடலா என்று அறிய விரும்புகிறேன். அருகிலுள்ள கடைக்காரர் ஃபிரேமைச் சுரண்டி பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாம் என்கிறார். பெரியப்பாவின் சைக்கிளாகவே இது மறுபடி சாலையில் ஓட வேண்டும் என்பதே என் ஆசை.

பதில் (அம்பத்தூர்)

முதலில் ஒரு வேண்டுகோள்: என்ன மாடல் என்று உறுதியாகும் வரை ஃபிரேமைச் சுரண்ட விடாதீர்கள். உங்கள் சைக்கிளைப் பற்றிய சான்றுகளில் பாதி அந்தப் பெயிண்டின் மேல்தான் இருக்கின்றன.

ஏ.டபிள்யூ. என்பது 1936இல் வந்த மூன்று கியர் ஹப். அதன் கூட்டில் பதித்திருக்கும் எண்கள் அது தயாரான ஆண்டையும் மாதத்தையும் குறிப்பவை. ஆகவே உங்களுடையது 1952 ஜூலையில் செய்யப்பட்டது. ஆனால் அது ஹப்பின் வயதே தவிர, சைக்கிளின் வயது என்று உடனே சொல்லிவிட முடியாது; சக்கரத்தை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். நம் நாட்டில் ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனமும் ராலே சைக்கிள்களைத் தயாரித்தது என்பதால், பட்டயத்தில் நாட்டிங்காம் என்று இருப்பது முக்கியமான குறிப்பு. செயின் வீலின் நடுவே மூன்று நாரைகள் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வளைந்த ஹேண்டில்பார் இருப்பதாலேயே பந்தய மாடல் என்று முடிவுகட்டக் கூடாது. அது பிறகு மாட்டியதாகவும் இருக்கலாம். ரிம்மைத்தான் நம்ப வேண்டும். அக்காலத்து ராலே லெண்டன் போன்ற வேக மாடல்களில் 26 × 1¼ சக்கரமும், ராலே ஸ்போர்ட்ஸ் மாடலில் 26 × 1⅜ சக்கரமும் வந்தன. இரண்டையும் கடைகளில் ‘இருபத்தாறு’ என்றே சொல்வார்கள், ஆனால் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் முன்னதில் 597 மி.மீ., பின்னதில் 590 மி.மீ.; ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. ரிம்மின் மேல் அளவு பதித்திருக்கும், துருவை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். அடுத்து சீட் கம்பியை உருவி வெர்னியரில் அளந்து பாருங்கள். 25.4 மி.மீ. இருந்தால் ஃபிரேம் சாதாரண எஃகுக் குழாய். அதைவிடத் தடித்த கம்பி நுழைகிறது என்றால் குழாயின் சுவர் மெல்லியது, ரெனால்ட்ஸ் 531 எனப்படும் இலகுவான எஃகுக் குழாய் வகையாக இருக்க வாய்ப்புண்டு. சீட்டுக்குக் கீழே அதற்கான ஸ்டிக்கரின் மிச்சம் ஒட்டியிருக்கலாம்.

பதில் (பெரம்பூர்)

பிரிக்கும் வேலையில் சேதம் அதிகம் ஆவது கோட்டர் பின்னில்தான் (பெடல் தண்டான கிராங்கை ஆக்ஸிலோடு இறுக்கும் ஆப்பு). நட்டை முழுவதும் கழற்றாமல் பின்னின் முனைக்குச் சமமாக வைத்துக்கொண்டு, கிராங்குக்குக் கீழே கனமான இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக ஓங்கி அடிக்க வேண்டும். சிறிது சிறிதாகத் தட்டினால் பின்னின் தலை விரிந்து உள்ளேயே இறுகிவிடும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வைப்பது நல்லது.

பெடல் ஆக்ஸில் கப்பை (ஃபிரேமில் திருகிய, பால்ஸ் உட்காரும் கிண்ணம்) மட்டும் தூக்கிப்போடாதீர்கள். ராலே தன் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 26 சுற்றுள்ள மரையை வைத்திருந்தது. மற்ற ஆங்கிலச் சைக்கிள்களிலும் இங்கே கிடைக்கும் கப்களிலும் 24 சுற்று. வெளியில் ஒரே மாதிரி இருக்கும், பலவந்தமாகத் திருகினால் ஃபிரேமின் மரையே போய்விடும். பழைய கப்பைக் கழுவி, கால் அங்குல பால்ஸைப் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்துப் பூட்டினால் போதும். பால்ஸ், கோட்டர் பின், பிரேக் கட்டை, கேபிள் ஆகியவை பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் கிடைக்கும்.

பதில் (திருவான்மியூர்)

பெயிண்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன், ஆனால் நம் ஊர் உப்புக்காற்றை மறந்துவிட்டுப் பேச முடியாது. முன்குழாயை அடுத்துக் கீழ்க்குழாயின் அடிப்பகுதியில் பெயிண்ட் சுருங்கியோ உப்பியோ இருந்தால், அது எங்கோ மோதிய சைக்கிள் என்று அர்த்தம். அதை ஓட்டுவது ஆபத்து. சீட் கம்பியை எடுத்த பிறகு டார்ச் அடித்து, குழாயின் உள்ளே துரு அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய் உறுதியாக இருந்தால் மேல்துருவை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நீக்கலாம். அது நஞ்சு, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்து, பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் கழுவ வேண்டும். தங்கக் கோடுகளும் ஸ்டிக்கரும் உள்ள இடத்தில் அமிலமும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், ஈரத்துணி போதும். குரோமுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பளபளப்பு திரும்பும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. செயின் வீலில் மூன்று நாரைகள் இருக்கின்றன. ரிம்மில் 26 × 1⅜ என்று பதித்திருக்கிறது. சீட் கம்பி சரியாக 25.4 மி.மீ. முன்குழாய்ப் பக்கம் சுருக்கம் எதுவும் இல்லை. ஹப் சுற்றுகிறது, ஆனால் கியர் மாறவில்லை.

பதில் (அம்பத்தூர்)

அப்படியானால் இது பெரும்பாலும் ராலே ஸ்போர்ட்ஸ்; சக்கரம் மாற்றப்படாதது என்றால் 1952 அல்லது அதற்குச் சற்றுப் பிந்தையது. பந்தய சைக்கிள் இல்லையே என்று வருந்த வேண்டாம். தினமும் ஓட்டுவதற்கு இதைவிட ஏற்றது அந்தக் காலத்தில் குறைவு. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் 37-590 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மலைச் சைக்கிளின் 26 அங்குல டயர் 559 மி.மீ., ஆகவே அது உதவாது.

ஹப்பை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். பெரும்பாலும் உள்ளே பழைய எண்ணெய் கெட்டியாகியிருக்கும். மேலே உள்ள எண்ணெய்த் துளை வழியாக மெல்லிய இயந்திர எண்ணெயை விட்டு, சக்கரத்தைச் சுற்றி, ஓரிரு நாள் விட்டுவைத்து, பிறகு ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வெளிவரும் சிறிய கியர் சங்கிலியைக் கையால் இழுத்துப் பாருங்கள். அது தடையின்றி வரத் தொடங்கியதும் புதிய கேபிள் போட்டு, லிவரை நடு கியரில் வையுங்கள். வலப்பக்க நட்டின் துளை வழியே பார்த்தால், சங்கிலி பொருத்திய தண்டின் தோள் ஆக்ஸிலின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். இந்த அளவு தவறினால் நடு கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் பிடிப்பே இல்லாமல் பெடல் வெறுமனே சுழலும். எழுந்து நின்று மிதிப்பவர் அந்த நொடியில் பாரின் மேல் விழுவார். ஆகவே அளவைச் சரிபார்த்து, ஆளில்லாத தெருவில் உட்கார்ந்தபடியே மூன்று கியர்களையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் பெரிய சாலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.