ஸ்டூடியோவுக்கு வீட்டில கட்டுற நாஸ்: ட்ரூநாஸா, ஓப்பன்மீடியாவோல்ட்டா?

கிளிநொச்சிக் கமரா:
வணக்கம் அண்ணாமார். கிளிநொச்சியில சின்னதா ஒரு ஸ்டூடியோ வைச்சிருக்கிறன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் எண்டு எடுத்த வீடியோ முழுக்க ஒரு பழைய டெஸ்க்டொப்பில கிடக்கு. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி. 4 டிபி டிஸ்க் ரெண்டு, அதில ஒண்டு முக்கால்வாசி நிரம்பினது, மற்றது புதுசு. 2 டிபி ஒண்டு அரைவாசி நிரம்பியிருக்கு.

இப்ப விண்டோஸ் 10இல போல்டரை ஷேர் பண்ணித்தான் ரெண்டு எடிட்டிங் மெசினும் எடுக்குது. அதுக்கு 2025 ஒக்டோபரோட வழமையான அப்டேட் நிண்டிட்டுது. கொப்பி பண்ணேக்க செக்கனுக்கு 11 எம்பிக்கு மேல ஏறுதுமில்லை. எல்லாரும் இதை நாஸ் (நெட்வேர்க்கில எல்லா மெசினும் பாவிக்கிற பைல் பெட்டி) ஆக்கி, ட்ரூநாஸ் எண்ட சிஸ்டத்தைப் போடு எண்டுறாங்கள். போட்டால் வேகம் வருமோ?

மாங்குளத்தான்:
வேகத்தை முதல்ல முடிப்பம். 11 எம்பியில நிக்குதெண்டால் அது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. எந்த சிஸ்டம் போட்டாலும் அதுதான் வரும். கம்பியை றவுட்டருக்குப் பின்னாலயோ குத்தியிருக்கிறீங்கள்? கன றவுட்டரில அந்தப் போர்ட் 100தான். ஒரு கிகாபிட் சுவிட்ச் வாங்கி மூண்டு மெசினையும் அதில குத்துங்கோ. கேபிளையும் பாருங்கோ, கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேணும். ஒண்டு அறுந்தாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கக்கூடும். எல்லாம் சரியெண்டால் 110 எம்பி வரை போகும்.

நெடுங்கேணி_நெட்:
நான் ட்ரூநாஸ் பக்கம். அதில டிஸ்கில எழுதுற முறை இசட்எப்எஸ், அது ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (பழுதைப் பிடிக்கிற சரிபார்ப்பு எண்) வைச்சிருக்கும். படம் டிஸ்கில கிடந்து பழுதானால் கண்டுபிடிக்கும், மிரர் (ரெண்டு டிஸ்கிலயும் ஒரே பிரதி) எண்டால் தானே திருத்தும். உங்கட 8 ஜிபி அது கேக்கிற ஆகக்குறைந்த அளவு, பைல் ஷேருக்கு மட்டுமெண்டால் ஓடும். ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ராம் கட்டாயம் எண்டுறதுக்குப் பயப்பிடாதைங்கோ.

ஆனால் ப்ரீபிஎஸ்டி எண்ட சிஸ்டத்தில ஓடுற பழைய 'கோர்' பதிப்பு வேண்டாம். டெபியன் லினக்ஸில வாற பதிப்பை எடுங்கோ, றியல்டெக் நெட்வேர்க் சிப்புக்கும் அதுதான் தோது.

வவுனியா_அக்கா:
தம்பி, நெடுங்கேணி சொல்லுறது பிழையில்லை. ஆனால் உங்கட டிஸ்குகளைப் பாருங்கோ. ரெண்டு 4 டிபியை மிரர் போட்டால் கிடைக்கிறது 4 டிபி, அந்த 2 டிபி தனியா நிக்கும். உங்களிட்ட இப்பவே 4 டிபிக்குக் கிட்ட இருக்கு. அடுத்த கல்யாண சீசனுக்கு எங்க போடப்போறீங்கள்?

நான் உங்கட இடத்தில எண்டால் ஓப்பன்மீடியாவோல்ட். அதுவும் டெபியன்தான், இலவசம், பழைய மெசினுக்குப் பாரமில்லை. ஓஎம்வி-எக்ஸ்ட்ராஸ் எண்ட மேலதிகத் தொகுப்பைப் போட்டு மேர்ஜர்எப்எஸ், ஸ்னாப்ரெயிட் எண்ட ரெண்டு ப்ளகினையும் எடுங்கோ. மேர்ஜர்எப்எஸ் 4ஐயும் 2ஐயும் ஒரே போல்டர் மாதிரிக் காட்டும், மற்ற 4 டிபி ஸ்னாப்ரெயிட்டின்ர பரிட்டிக்கு (ஒரு டிஸ்க் செத்தால் அதில இருந்ததைத் திருப்பி எடுக்கிற கணக்கு). பாவிக்க 6 டிபி. கல்யாண வீடியோ ஒருக்கா எழுதினால் பிறகு மாறாது, ஸ்னாப்ரெயிட் அப்பிடியான பைலுக்கெண்டே செய்தது. அதிலயும் செக்சம் மாதிரி ஹாஷ் இருக்கு, ஸ்க்ரப் (டிஸ்கை வாசிச்சுச் சரிபார்க்கிறது) ஓடவிட்டால் பழுதைக் காட்டும். ரெண்டு டிஸ்க் ஒண்டாச் செத்தாலும் மிச்சமுள்ள டிஸ்கை வேற லினக்ஸ் மெசினில குத்தி வாசிக்கலாம்.

ஸ்னாப்ரெயிட்டின்ர குறை: சிங்க் (பரிட்டியைப் புதுப்பிக்கிறது) ஓடின நேரம் இருந்ததுக்கு மட்டும்தான் காவல். இரவில சிங்க் எண்டால், பகல் கொண்டுவந்து போட்டதுக்கு இரவு சிங்க் ஓடும்வரை காவல் இல்லை. அதுவரைக்கும் மெமரி கார்டை அழிக்காதைங்கோ. எடிட் நடக்கிற புரொஜெக்டையும் அதில வைக்காதைங்கோ.

கிளிநொச்சிக் கமரா:
அக்கா, இருக்கிற டிஸ்க் எல்லாம் என்டிஎப்எஸ் (விண்டோஸ் போர்மட்). அப்பிடியே கொண்டுபோய்க் குத்தேலாதோ?

வவுனியா_அக்கா:
வாசிக்கலாம், ஆனால் நிரந்தரமா அப்பிடி வைக்கவேண்டாம். புது 4 டிபியை எக்ஸ்ட்4 (லினக்ஸ் போர்மட்) ஆக்கி, பழைய 4 டிபியில இருக்கிறதை அதுக்கு மாத்துங்கோ. பைல்கள் திறக்குதோ எண்டு பார்த்திட்டுப் பழசை போர்மட் பண்ணி, 2 டிபியில இருக்கிறதை அதில தற்காலிகமா இறக்குங்கோ. பிறகு 2 டிபியை எக்ஸ்ட்4 ஆக்கித் திருப்பி ஏத்தினால் பழைய 4 டிபி பரிட்டிக்கு மிஞ்சும். போர்மட் பண்ணினதில இருந்து சிங்க் முடியும்வரை எல்லாத்துக்கும் ஒரேயொரு பிரதிதான். யாரிட்டையும் ஒரு வெளி டிஸ்க் இரவல் வாங்கி, காசு வாங்கின வேலைகளையாவது முதல்ல அதில போடுங்கோ. டேட்டா டிஸ்கை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம், பரிட்டி பைல் கொஞ்சம் கூட இடம் கேக்கும்.

மாங்குளத்தான்:
இதில ஒருத்தரும் கரண்டைப் பற்றிக் கதைக்கேல்ல. எங்கட பக்கம் கரண்ட் போற போக்குக்கு யூபிஎஸ் இல்லாமல் எந்த நாஸும் கட்டாதைங்கோ. யூஎஸ்பி வாய் உள்ள யூபிஎஸ்ஸா எடுத்தால் நட் எண்ட ப்ளகின் பற்றரி இறங்க மெசினை ஒழுங்கா நிப்பாட்டும், ட்ரூநாஸிலயும் அது இருக்கு. ஐப்பசி இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸும் பத்தாது, பிளக்கையும் நெட்வேர்க் கம்பியையும் கழட்டுங்கோ. மிரரும் பரிட்டியும் பக்கப் இல்லை. ஒரு வெளி டிஸ்க் வீட்டில இருக்கட்டும், ஸ்டூடியோவில இல்லை.

நெடுங்கேணி_நெட்:
6 டிபி வேணுமெண்டால் அக்கா சொன்னதுதான் சரி. பிறகு ஒரே அளவில நாலு டிஸ்க் வாங்கினால் ட்ரூநாஸ் பக்கம் வாங்கோ.

கிளிநொச்சிக் கமரா:
சுவிட்ச் மாத்தினன், 108 எம்பி போகுது! ஓப்பன்மீடியாவோல்ட்தான் போடப்போறன், ஆனால் யூபிஎஸ் வந்தாப் பிறகுதான். எடிட் நடக்கிறதை அந்த 120 எஸ்எஸ்டியில மிஞ்சுற இடத்தில வைக்கலாமோ?

வவுனியா_அக்கா:
வேண்டாம், நிறுவேக்க சிஸ்டம் அந்த எஸ்எஸ்டியை முழுசா எடுத்திடும். எடிட்டிங் மெசினிலயே வைச்சு, முடிஞ்சதை மட்டும் நாஸுக்கு ஏத்துங்கோ.