புதுப்பிப்பு: ஏஆர்டி எடுக்கும் அண்ணன் பீடியை விட்டுட்டார்

ஹெச்ஐவி மாத்திரையோடு (அதுதான் ஏஆர்டி) பீடியை விட உதவும் நிகோடின் சூயிங்கம் எடுக்கலாமா என்று அண்ணனுக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

எடுக்கலாம். ஏஆர்டி மைய டாக்டரும் அதையே சொன்னார். புகையை விட உதவும் இன்னொரு மருந்தான புப்ரோபியான் மாத்திரை என்றால்தான் சில ஹெச்ஐவி மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று பார்க்கணுமாம். கண் விழித்ததும் பீடி தேடுகிறவர் என்பதால் வீரியம் கூடிய 4 மி.கி. சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். முதலில் பலனே இல்லை. "மிட்டாய் மாதிரி மெல்லாதீங்க, சுள்ளுன்னதும் கன்னத்துல ஒதுக்குங்க, சூயிங்கம் போடுறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி டீ வேண்டாம்" என்று இங்கே ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. வீடுவீடாகப் பீடி சுற்றும் குடியாத்தத்தில் பீடியை விட்டது சின்ன விஷயமில்லை.

எதிர்பாராதது: விட்டபின் இருமல் கூடியது. பீடி விட்டதால்தான் என்று இருந்துவிடாமல் சளியை டிபிக்குச் சோதிக்கச் சொன்னார்கள். டிபி இல்லை, இருமலும் குறைந்துவிட்டது.