டெல்லியில் அடுப்பு மூட்டப் போகிற தமிழர்களுக்கு: லாரியில் எதை ஏற்றுவது, எதை இங்கே கற்றுக்கொள்வது

புதுவரவு, துவாரகா: வணக்கம். கணவருக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து டெல்லி துவாரகாவுக்கு வருகிறோம். டிசம்பர் முதல் வாரத்தில் பால் காய்ச்சுகிறோம். அமெரிக்கா போகிறவர்களுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். டெல்லி என்றதும் “இனி சப்பாத்திதான்” என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சமையலறைக்கு எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்? அத்தையும் எங்களோடு வருகிறார். இட்லி இல்லாமல் அவருக்குக் காலை விடியாது.

மயூர் விஹார் அக்கா: வாருங்கள் தங்கச்சி. முதலில் லாரிக் கணக்கு. கிரைண்டர் கட்டாயம். இட்லிப் பானை, துணி, நல்லெண்ணெய் கட்டாயம். இங்கே எள் எண்ணெய் கிடைக்கும். ஆனால் நம் ஊர்ச் செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டிய வாசனையை அதில் தேடாதீர்கள். இட்லி அரிசி ஒரு மூட்டை போதும். பிறகு ஐ.என்.ஏ. மார்க்கெட், ராமகிருஷ்ணபுரம், முனிர்கா, எங்கள் மயூர் விஹார் என்று தென்னிந்தியக் கடைகள் எங்கும் கிடைக்கும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் ‘சேலா’ என்று புழுங்கல் அரிசி கொடுப்பார்கள். அது பாசுமதி, இட்லிக்கு ஆகாது. உளுந்து என்று பொதுவாகக் கேட்டால் கறுப்புத் தோலோடு உடைத்ததை நிறுத்துவிடுவார்கள். ‘துலி உரத், சாபுத்’ என்று கேளுங்கள். தோல் நீக்கிய முழு உளுந்து வரும். துவரம்பருப்புக்கு இங்கே ‘அர்ஹர்’ என்று பெயர்.

பெருங்காயத்தைச் சுமந்துகொண்டு வராதீர்கள். நம் ஊருக்கும் அந்தப் பிசின் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வடக்கு வழியாகத்தான் வருகிறது. அதைப் பக்குவப்படுத்தும் ஹாத்ரஸ் டெல்லிக்குச் சில மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது. சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி, ஃபதேபுரி மசூதியை ஒட்டிய காரி பாவ்லிக்கு ஒருநாள் காலையில் போங்கள். பெருங்காயம், மிளகாய், புளி, மிளகு எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். கைக்குட்டையோடு போங்கள், மிளகாய் மூட்டை இறங்கும் நேரத்தில் தெருவே தும்மிக்கொண்டிருக்கும்.

புதுவரவு: மாவு பொங்குமா அக்கா? டிசம்பர் என்றதும் அத்தைக்கு அதுதான் கவலை.

மயூர் விஹார் அக்கா: சும்மா விட்டால் பொங்காது. ஜனவரியில் இரவுக் குளிர் ஐந்து டிகிரி வரைக்கும் இறங்கிவிடும். மதுரையில் அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று போடுகிறீர்கள் என்றால் இங்கே குளிர்காலத்தில் மூன்றுக்கு ஒன்று போடுங்கள். வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கல் உப்பு போட்டுக் கையால் நன்றாகக் கரைத்து மூடுங்கள். ஓவன் இருந்தால் அதைச் சூடேற்றாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை வையுங்கள். அந்தச் சூடே போதும். ஓவன் இல்லாதவர்களுக்கு ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இருக்கிறது. காலையில் நாம் எழுந்ததும் அதன் சூடு ஆறுவதற்குள் மாவுப் பாத்திரத்தை அதே ரஜாய்க்குள் படுக்க வைத்துவிட வேண்டும். டெல்லித் தமிழ் வீடுகளில் இது காலகாலமாக நடப்பதுதான். எப்படிச் செய்தாலும் ஒரு பகல், ஒரு இரவு ஆகும் என்று கணக்கு வைத்து அரையுங்கள்.

மே மாதம் கதை தலைகீழ். மத்தியானம் அரைத்தால் சாயங்காலத்துக்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும். கண் பார்த்து ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். பல பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை மசிய விடாது. நீங்கள் பருப்பைக் குறை சொல்லிக் கடை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பருப்பை ஊறவைத்து, ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த தண்ணீரில் வேகவையுங்கள். பருப்பு குழைவதற்குமுன் புளியோ தக்காளியோ அதில் விழக்கூடாது.

இட்லியும் பருப்பும் இவ்வளவுதான். இனி நான் சொல்வது உங்கள் அத்தைக்குப் பிடிக்காமல் போகலாம்.

வாரத்தில் ஏழு நாளும் மதுரைச் சாப்பாடே வேண்டும் என்று நின்றால் பாதிச் சம்பளம் சின்ன வெங்காயத்துக்கும் வாடிய முருங்கைக்காய்க்கும் போகும். டெல்லியில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். அக்கம்பக்கத்து வீடுகளில் என்ன கொதிக்கிறது என்று பாருங்கள். நமக்குச் சொந்தக்காரர்கள் போன்ற பதார்த்தங்கள் அங்கே நிறைய இருக்கின்றன; அவை இந்த ஊர்க் காய்க்கும் குளிருக்கும் ஏற்கெனவே பழகியவை. உணவகத்தில் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு வடக்கத்திச் சமையலைப் பார்த்தாகிவிட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

உதாரணத்துக்கு சிந்திக் கடீ என்னும் கடலை மாவுக் குழம்பு. 1947 பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த குடும்பங்கள் ராஜேந்தர் நகர், லாஜ்பத் நகர் பக்கம் இருக்கின்றன. அவர்கள் கடீயில் தயிர் கிடையாது. எண்ணெயில் சீரகம், வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கடலை மாவைக் கொட்டிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருப்பார்கள். மாவு பொன்னிறம் தாண்டி, பொரிகடலை வறுத்த வாசனை வரும்வரை கை ஓயக்கூடாது. இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை பச்சை வாடை போகாது. பிறகு கட்டி தட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள்தூள். நன்றாகக் கொதித்ததும் உருளைக்கிழங்கு, கொத்தவரங்காய், முருங்கைக்காய்! கடைசியில் புளிக்கரைசல், தனியாக வதக்கிய வெண்டைக்காய். சாதத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இதை சாம்பாரின் சித்தப்பா பிள்ளை என்று சொன்னால் உங்கள் அத்தை மறுக்கமாட்டார்.

பஞ்சாபிக் கடீ வேறு. அதில் புளித்த தயிரும் கடலை மாவும். மோர்க்குழம்பை நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம் அல்லவா? இது அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். கடலை மாவு இருப்பதால் திரியாது. வெங்காயப் பக்கோடாவைக் கடைசியில் போடுவார்கள். பிகார்க்காரர்களின் சோக்கா நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையல்தான். புளிக்குப் பதில் பச்சையாக ஒரு கரண்டி கடுகெண்ணெய். மற்ற சமையலுக்குக் கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, தீயைக் குறைத்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லாததால்தான் நம்மவர்கள் அந்த எண்ணெயையே திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் வரும் மாதத்தில் வாரச் சந்தையில் கடுகுக் கீரை குவிந்திருக்கும். சாயங்காலம் சாலையோரத்தில் கூடும் சந்தை அது; உங்கள் பேட்டையில் என்றைக்கு என்று காவலாளியைக் கேட்டால் சொல்வார். பஞ்சாபிகளின் ‘சர்சோன் கா சாக்’ செய்ய இரண்டு பங்கு கடுகுக் கீரைக்கு ஒரு பங்கு பாலக், ஒரு கைப்பிடி ‘பத்துவா’. இந்தப் பத்துவா வேறு ஒன்றுமில்லை, நம் சக்கரவர்த்திக் கீரை. இஞ்சி, பச்சை மிளகாயோடு மெதுவாக வேகவைத்து, மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவு தூவி இறுக்கி, மேலே வெண்ணெய். கீரைக் கடைசலில் கை தேர்ந்த மதுரைக்காரருக்கு இதில் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. நான் மட்டும் கடைசியில் ஒரு வற்றல் மிளகாய் கிள்ளித் தாளிப்பேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை கிண்ணத்தை மட்டும் பெரிதாகக் கொடுத்தனுப்பினார்.

குதிரைவாலி எங்கே கிடைக்கும் என்று சிறுதானியக்காரர்கள் கேட்பார்கள். இரண்டு நவராத்திரியிலும் விரதக்காரர்களுக்காக மளிகைக் கடைகளில் ‘சமா கே சாவல்’ என்று அதைத்தான் குவித்து வைக்கிறார்கள். கூடவே இந்துப்பும் கிடைக்கும்.

முனிர்கா தம்பி: அக்கா வாழைப்பூவை விட்டுவிட்டீர்களே. தங்கச்சி, வாழைப்பூவும் வாழைத்தண்டும் வேண்டுமானால் தமிழ்க் கடைகளைச் சுற்றாதீர்கள், சித்தரஞ்சன் பார்க்குக்குப் போங்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு அது. வங்காளிகள் இரண்டையும் விட்டு வைக்கமாட்டார்கள். கொடிப்பசலை, செங்கீரை, பூசணிப் பூகூட அங்கே பார்க்கலாம். வாழைப்பூவுக்கு அவர்கள் கரம் மசாலா, தேங்காய், கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். நான் சர்க்கரையை மட்டும் விட்டுவிடுவேன். ஆற்று மீனுக்கு அங்கே ரோகு, கட்லா, பருவத்தில் இலிஷ் என்னும் ஹில்சா. வஞ்சிரம் மாதிரி கடல் மீன் வேண்டுமென்றால் ஐ.என்.ஏ.

புதுவரவு: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கருவாடு?

முனிர்கா தம்பி: கூச்சப்பட வேண்டியது நீங்கள் இல்லை. நம்மைவிட அதிகம் அவதிப்பட்டவர்கள் வடகிழக்கு மாநிலத்துக்காரர்கள். மூங்கில் குருத்து, அகுனி என்னும் நொதித்த சோயா இவற்றைச் சமைக்கும்போது அக்கம்பக்கத்தில் பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2007-இல் டெல்லி போலீஸே அவர்களுக்குக் கையேடு போட்டது. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இன்றைக்கு ஹுமாயூன்பூரில் நாகா, மணிப்பூர் உணவுக்காக டெல்லிக்காரர்களே வரிசையில் நிற்கிறார்கள். அங்குள்ள வடகிழக்கு மளிகைக் கடைகளில் கருவாடும் கிடைக்கும், ஆனால் நம் நெத்திலியின் ருசியை எதிர்பார்க்க வேண்டாம்.

மயூர் விஹார் அக்கா: கருவாட்டைப் பொறுத்தவரை நடைமுறை மட்டும் சொல்கிறேன். வீடு பார்க்கும்போதே அசைவம் சமைப்போம் என்று உரிமையாளரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு முன்பணம் கொடுங்கள். தரகர் “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்பார்; நம்பாதீர்கள். பால்கனி அடுக்களையை ஒட்டியிருக்கும் வீடாகப் பாருங்கள். குளிர்காலத்தில் எல்லார் வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்கும், வாசனை மாடிப்படி வழியாகத்தான் ஏறும். ஆகவே கருவாட்டுக்குழம்பு வைக்கும் நாளில் முன்கதவைச் சாத்திவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்து வையுங்கள். அத்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் சேர்த்து வாங்கிவிடுங்கள்.