கிராமிய வாழ்வியல் அருங்காட்சியகத்தில் தன்னார்வப் பணி: பலரின் அனுபவப் பகிர்வு

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒரு துணியும் ஒரு வாளித் தண்ணீரும்தான். இரண்டையும் கொடுக்காதீர்கள். ஏர்க்கொழுவில் ஒட்டிய மண், அச்சில் உறைந்த மசகு, அரிவாள் பிடியில் கைபட்டுக் கைபட்டு ஏறிய வழவழப்பு எல்லாமே சான்றுகள். பிடி எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே பிடித்தவர் இடக்கைக்காரரா என்று ஊகிக்கலாம். உப்புத்தாள் பட்டால் அதோடு போயிற்று.

முதலில் எல்லாப் பக்கமும் புகைப்படம், அடிப்பக்கமும் சேர்த்து. பிறகு மென்மயிர்த் தூரிகையால் தூசியை வாக்குவம் குழாயின் வாய்ப்பக்கம் தள்ளுங்கள். குழாய் வாயில் வலைத்துணி கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதிர்கிற சில்லும் உள்ளே போய்விடும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும் பழக்கத்தை விடுங்கள். முதலில் பளபளக்கும், பிறகு கறுக்கும், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மிகைப்படுத்தவில்லை.

கையுறை நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரில் இருக்கட்டும். பருத்திக் கையுறை வழுவழுப்பான பிடியில் வழுக்கும், சிலாம்பில் மாட்டும். பழைய சேகரிப்புகளில் ஆர்சனிக், டிடிடி போன்ற பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும் என்பதும் ஒரு காரணம்.

—

பூச்சி பற்றி நான் சேர்க்கிறேன். உளுத்த மரம் வந்தால் பழைய துளையா, உள்ளே இன்னும் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பொருளைத் தட்டித் துகளைக் கொட்டிவிட்டு, கீழே கறுப்புத் தாள் விரித்து, தேதி எழுதி, தொடாமல் சில வாரம் விடுங்கள். தாளில் வெளிறிய புது மாவு சிறு குவியலாக விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பழைய துளையிலிருந்தும் ஆட்டினால் மாவு கொட்டும் என்பதால்தான் தொடாமல் விடச் சொல்கிறேன்.

மருந்தடிப்பதைவிட உறைய வைப்பது மேல். பாலித்தீனில் சுற்றி, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, ஓட்டை இல்லாமல் ஒட்டி, மைனஸ் 30 டிகிரியில் 3 நாள். வீட்டு வகை உறைபெட்டி மைனஸ் 18 வரைதான் போகும் என்றால் 2 வாரம். பலரும் சொதப்புவது வெளியே எடுக்கும்போதுதான். உறையைப் பிரிக்காமல் குறைந்தது 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். அப்போதுதான் நீர்த்துளி உறையின் வெளிப்பக்கம் படியும். அவசரப்பட்டுப் பிரித்தால் பொருளின்மேலேயே படிந்து, இரும்பு துருவேறும். வண்ணம் பூசிய மரம், இழுத்துக் கட்டிய தோல் உள்ள பறை போன்றவற்றைக் காப்பாளரைக் கேட்காமல் உள்ளே வைக்காதீர்கள். உறைய வைத்த பொருளுக்கு மறுபடி பூச்சி வராது என்பதும் இல்லை. அறை சுத்தமாக இல்லாவிட்டால் திரும்ப வரும்.

—

பொருளின்மேல் பதிவு எண் எழுதுவதும் தன்னார்வலர் தலையில்தான் விழும். மரத்தில் நேராக மையால் எழுதினால் ஊறி உள்ளே இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. பாராலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின் கரைசலில் ஒரு மெல்லிய பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் நிறமி மையால் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. அசிட்டோனால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். நகப்பூச்சு வேண்டாம், அது மஞ்சளித்து உரியும். கைபடாத, காட்சியில் தெரியாத இடமாகப் பாருங்கள். துணிக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதி ஓரத்தில் தையல். துருவேறி உதிரும் இரும்புக்குக் கட்டும் சீட்டுதான்.

பல பாகமுள்ள பொருளில் ஒவ்வொன்றுக்கும் துணை எண் போடுங்கள். திருகை 2023.14 என்றால் மேல்கல் 2023.14.1, அடிக்கல் 2023.14.2, பிடி 2023.14.3. பிடியைத்தான் முதலில் தொலைப்பார்கள்.

—

பொருளைவிட ஆட்களிடம்தான் கவனம் கூடுதலாக வேண்டும். மூட்டையோடு ஒருவர் வந்து, "தாத்தா வச்சிருந்தது, வச்சுக்குங்க" என்பார். மறுக்க மனம் வராது. ஆனாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடக் கூடாது. தற்காலிக ரசீது கொடுங்கள்: பெயர், தொடர்பு, என்னென்ன, எந்தத் தேதி, முடிவு எப்போது சொல்வீர்கள். ஏற்பதாக முடிவானால் உரிமை மாற்றக் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் தங்கிவிட்ட பொருளைக் காட்சிக்கு வைக்கவும் தயக்கம், திருப்பித் தரவும் ஆளில்லை, கிடங்கில் இடத்தைத் தின்னும்.

அதே ஆளிடம் இருக்கும் விவரம் பொருளைவிட உயர்ந்தது. "இது என்ன?" என்று கேட்டால் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். கையில் கொடுத்து "எப்படிப் பிடிப்பீங்க, உடைஞ்சா யார்கிட்ட போவீங்க?" என்று கேளுங்கள், உடம்பே பதில் சொல்ல ஆரம்பிக்கும். அந்தக் கைவீச்சை ஒலிப்பதிவு பிடிக்காது, காணொளி வேண்டும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உரக்கச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பேசி முடித்த பிறகு ஒப்புதல் படிவம், எதை வெளியிடக் கூடாது என்ற வரியோடு.

—

குழந்தைகளுக்குச் செய்து காட்டுவது பற்றி. வீடுகளையே பெயர்த்து நிறுத்தி, உள்ளே ஆட்களை வேலை செய்ய வைத்துக் காட்டும் வழிக்கு முன்னோடி, 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியஸ் திறந்த ஸ்கான்சென். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் அசல் பொருளையே பிள்ளைகள் கையில் சுற்ற விட ஆசைப்படுகிறார்கள். சுற்ற விடுவது தனிச் சேகரிப்பிலிருந்து மட்டும் இருக்கட்டும்: நகல்கள், அல்லது பதிவேட்டில் ஏறாத இரட்டைப் பொருள்கள். திருகையின் மேல்கல்லைத் தூக்க இரண்டு பெரியவர்கள் வேண்டும். கல் இறங்கும்போது பிள்ளைகளின் விரல் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது ஆள். முடிந்ததும் மாவையும் தானியத்தையும் அன்றே கூட்டி வெளியேற்றுங்கள். ஓர் இரவு விட்டாலும் எலி வரும்.

—

மேலே எழுதிய யாரும் வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. நிற்கும் வண்டியின் பாரம் சக்கரத்தின் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது. அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சக்கரம் தரையை லேசாகத் தொடும் அளவுக்கு உயர்த்துங்கள். காற்று காய்ந்தால் வட்டை, அதாவது சக்கரத்தின் மர விளிம்பு, சுருங்கி இரும்புப் பட்டா தளரும். ஆணி அடிக்காதீர்கள், தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஈரப்பத அளவியை வண்டிக்கு அருகிலேயே வைத்து, 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று குறித்து வாருங்கள். எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. ஜன்னலைத் திறந்த நேரத்தையும் அந்த நோட்டிலேயே எழுதிவையுங்கள், காரணம் அங்கேதான் கிடைக்கும்.