ஹால் சுவரில் ஓதம், உள்பக்கம் கருப்பு ஷீட் ஒட்டலாமா? (அவசரம்)

கீழவீதி
வணக்கம். ஹால் சுவர் கீழ்ப்பக்கம் ஓதம் காத்து, பெயிண்ட் பொரிந்து கொட்டுகிறது. மூன்று வருடத்தில் இரண்டு தடவை புட்டி வைத்து அடித்தாச்சு, ஐப்பசி வந்தால் பழையபடி. பூச்சைக் கொத்திவிட்டு உள்பக்கம் மூன்றடி உயரத்துக்குக் கருப்பு ஷீட் ஒட்டி, மேலே கம்பிவலை அடித்துப் பூசினால் ஜென்மத்துக்கும் வராது என்கிறார் மேஸ்திரி. 38,000 கேட்கிறார். 20 நாளில் வீட்டில் தங்கைக்கு வளைகாப்பு. எத்தனை மைக்ரான் ஷீட் வாங்கணும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி
எந்த ஊர்? வீடு கட்டி எத்தனை வருஷம்? சுவர் 9 இஞ்சா, நாலரையா? ஈரம் தரையிலிருந்து ஒரே மட்டமாக ஏறியிருக்கா, திட்டுத் திட்டாக இருக்கா? அந்தப் பக்கம் பாத்ரூமா, வெளியா? ஒன்றையும் சொல்லாமல் மைக்ரான் கேட்டால் நான் என்ன சொல்ல.

உப்புக்காற்று
செங்கல்தான். உப்பு மண்ணில் அறுத்த கல்லாக இருந்தால் ஷீட் ஒட்டினாலும் ஈயம் பூசினாலும் போகாது. எங்கள் நாகப்பட்டினம் வீட்டில் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கல்லுப்பு கரித்தது. ஒரு செங்கல்லை எடுத்து ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். வெள்ளை படிந்தால் கல்லின் குற்றம்.

ஜே.இ.ஓய்வு
இந்தக் கேள்விக்கு இங்கேயே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஈரத்தடுப்பு என்பது பேஸ்மட்டம் கட்டும்போது செய்கிற வேலை, பெயிண்ட் கொட்டிய பிறகு கடையில் போய் வாங்குகிற சாமான் அல்ல. வெளித்தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. உயரத்தில், சுவரின் முழு அகலத்துக்கும் டிபிசி, அதாவது ஈரத்தடுப்பு அடுக்கு, போட வேண்டும். 40 மி.மீ. கனத்தில் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து, காய்ந்தபின் சதுர மீட்டருக்கு 1.7 கிலோ சூடான தார். தரைக்கு அடியில் 250 மைக்ரான் ஷீட், கடையில் 1000 காஜ் என்று கேட்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று 6 இஞ்சு ஏறி நிற்க வேண்டும். ஈரத்தடுப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3067-ஐ ஒரு தடவையாவது படியுங்கள்.

கொத்துக்கரண்டி
ஐயா, வீடு கட்டி முடித்துக் குடியிருக்கிறவரிடம் பேஸ்மட்டத்தில் என்ன போட வேண்டும் என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

குரொய்டன்தம்பி
வணக்கம் அண்ணா. நான் லண்டன் பக்கம் கட்டட வேலைதான் செய்யிறன். இங்கே ஈரம் என்றாலே நிலத்தால ஏறுது என்று சொல்லிச் சுவருக்கு மருந்து ஊசி போடுகிற ஆட்கள் வந்துவிடுவார்கள், பாதி வீட்டில் பார்த்தால் சமையல் ஆவியும் குளியல் ஆவியும் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிகிறதுதான். முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறையின் காற்று, உட்பக்கம் நனைந்தால் சுவர்.

உப்புக்காற்று
தம்பி, எங்கள் சுவர் வருஷத்தில் பதினோரு மாதம் தோசைக்கல் மாதிரி இருக்கும். இங்கே எங்கே ஆவி படியப்போகிறது!

குரொய்டன்தம்பி
சரி, உங்கள் ஊருக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆனால் சோதனைக்குக் காசு ஒன்றும் இல்லையே, செய்து பார்க்கலாம்தானே.

கீழவீதி
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். ஊர் மயிலாடுதுறை. 1991-ல் அப்பா கட்டிய வீடு, 9 இஞ்சு செங்கல் சுவர். கோடு போட்ட மாதிரி இரண்டரை அடி வரை ஒரே மட்டமாக ஏறியிருக்கிறது, தட்டினால் பூச்சு பொத் பொத் என்கிறது. பாத்ரூம் அந்தப் பக்கம் இல்லை, வெறும் சந்துதான். தெருத் தண்ணீர் வருகிறதென்று சந்துக்கு நான்கு வருடத்துக்கு முன் சிமெண்ட் தளம் போட்டோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஷீட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கொத்துக்கரண்டி
சம்பந்தம் இல்லை என்று நீங்கள் தள்ளிவிட்டதில்தான் சமாச்சாரமே இருக்கு. ஓதம் மூன்று வருஷமாக, தளம் நான்கு வருஷமாக. அப்பா கட்டியபோது தெருவிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி, இப்போது எத்தனை?

கீழவீதி
அப்போது நான்கு. இப்போது ஒன்றரை என்று சொல்லலாம். தெரு ஏறிக்கொண்டே போகிறது, அதனால்தான் சந்துத் தளத்தையும் ஏற்றினோம்.

கொத்துக்கரண்டி
அவ்வளவுதான், பிடிபட்டது. 1991-ல் உங்கள் அப்பா டிபிசி போட்டிருந்தால் அது அன்றைய தரைக்கு மேலே இருந்திருக்கும். இப்போது சந்துத் தளம் அதைத் தாண்டி ஏறிவிட்டது. டிபிசி கீழே இருந்து வருகிற ஈரத்தைத்தான் மறிக்கும், பக்கவாட்டில் அதற்கு மேல் உள்ள செங்கல்லில் படுகிற ஈரத்தை அது என்ன செய்யும்? ஜன்னல் மட்டத்தை வைத்து உள்தரைக்கும் வெளித்தளத்துக்கும் டியூப் பிடித்து மட்டம் பாருங்கள். அப்புறம் சுவரோரம் ஒரு அடி நீளத்துக்குத் தளத்தை உடைத்து, கருப்பாகத் தார்க் கோடு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உள்ளே ஷீட் ஒட்டாதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் ஷீட் நிற்க வேண்டும். உள்ளே ஒட்டினால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் ஷீட் முடிகிற இடத்துக்கு ஏறி அங்கே பூக்கும். என் மாமனார் வீட்டில் நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்தார்கள். அடுத்த மழையில் டைல்ஸுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாக, அரிசி மாவு ஒட்டின மாதிரி. இப்போது டைல்ஸையும் எடுக்க மனசில்லை, சுவரையும் பார்க்க முடியவில்லை.

புதுமனை
தெரு ஏறின பிரச்சினைக்கு ஒரே தீர்வு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதுதான். சென்னையில் என் சித்தப்பா வீட்டை மூன்றடி தூக்கினார்கள், பீரோவில் கண்ணாடி கூட விரியவில்லை. சுவருக்கு அடியில் ஓடுகிற கான்கிரீட் பெல்ட், டிபிசி எல்லாம் அப்போதே போட்டுக்கொள்ளலாம்.

ஜே.இ.ஓய்வு
30 வருடத்துக்கு மேலான பாரம் தாங்கு சுவர் வீடு, பெல்ட் இருக்கிறதா என்றே தெரியாது, அதைத் தூக்குவாராம். ஓதத்துக்கு வீட்டைத் தூக்குவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

புதுமனை
நீங்கள் பார்த்ததில்லை என்பதற்காக நடக்காது என்று சொல்லாதீர்கள் சார். தெருவை ஏற்றியதே உங்களைப் போன்ற ஜூனியர் இன்ஜினியர்கள்தான்.

ஜே.இ.ஓய்வு
நான் கட்டடப் பிரிவு. சாலை போட்டவன் நான் இல்லை.

உப்புக்காற்று
பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் அதற்கப்புறமும் ஒரு கோட்டிங் மேலேயே ஏறியது. கேட்டால் ஒப்பந்தக்காரர் சிரிக்கிறார்.

புதுமனை
அதைத்தான் சொல்கிறேன். தெரு இறங்காது, வீடுதான் ஏறணும்.

குரொய்டன்தம்பி
அண்ணைமார், கேள்வி கேட்ட ஆள் எங்கே?

கீழவீதி
பார்த்தோம். அலுமினியத் தாள் உள்பக்கம் நனைந்தது, வெளிப்பக்கம் காய்ந்தே இருந்தது. சந்தில் உடைத்த இடத்தில் தார்க் கோடு இருக்கிறது, தளத்துக்கு 7 இஞ்சு கீழே. தளத்தின் வாட்டமும் எங்கள் சுவர்ப் பக்கமாகத்தான் இருக்கிறது, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் நேராகச் சுவரில் போய் நிற்கிறது. இப்போது என்ன செய்ய? 13 நாள் இருக்கிறது.

கொத்துக்கரண்டி
சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குத் தளத்தை நீளமாக அறுத்து, தார்க் கோட்டுக்குக் கீழே அரை அடி வரை மண்ணை எடுத்து, ஒன்றரை இஞ்சு ஜல்லி போட்டு விடுங்கள். சுவர் மூச்சு விடும்.

ஜே.இ.ஓய்வு
பள்ளத்தில் விழுகிற தண்ணீர் எங்கே போகும்? தெரு மேலே, சந்து கீழே. ஜல்லி போட்ட வாய்க்கால் மழையில் தொட்டியாகிவிடும். போக்கு இருந்தால் அவர் சொன்னபடி செய்யலாம். இல்லையென்றால் பள்ளம் தோண்டி, வெளிச்சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சிமெண்ட் பூச்சில் சமன் செய்து நன்றாகக் காயவிட்டு, தார் பிரைமர் அடித்துத் தானாக ஒட்டும் தார் ஷீட்டை நெட்டுக்குத்தாக ஒட்ட வேண்டும். டிபிசிக்குக் கீழே 6 இஞ்சு தொடங்கி, தளத்துக்கு மேல் 6 இஞ்சு வரை. மேல் விளிம்பைச் சுவரில் காடி வெட்டிச் சொருகிப் பூச வேண்டும், இல்லையென்றால் அந்த வாய் வழியாகவே மழைநீர் இறங்கும். மண் மூடும்போது கல் குத்தாமல் ஒரு காப்புப் பலகை வையுங்கள். தளத்தின் வாட்டத்தைச் சுவரை விட்டு வெளியே திருப்புங்கள். ஈரச் சுவரில் தார் ஒட்டாது, கொப்புளம் போடும். அவசரம் என்று நனைந்த சுவரில் ஒட்டிவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

கொத்துக்கரண்டி
போக்கு விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஐயா சொல்வது சரி. உள்பக்கம் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்துங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். கம்பி பிரஷால் காய்ந்தபடியே தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். இஞ்சுக்கு ஒரு மாதம் என்று காயக் கணக்கு, 9 இஞ்சு சுவர் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. புட்டியும் பளபளப்பு பெயிண்டும் அந்தப் பக்கமே வேண்டாம்.

கீழவீதி
ஒன்பது மாதமா!!

உப்புக்காற்று
அந்தச் செங்கல்லை ஊறப்போட்டீர்களா?

புதுமனை
ஜாக்கி ஆள் நம்பர் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள்.

குரொய்டன்தம்பி
ஒரு மாதம் ஆச்சு. அண்ணா, என்ன நடந்தது?

கீழவீதி
மன்னிக்கணும், உள்ளே வரவே நேரமில்லை. வளைகாப்பு நன்றாக நடந்தது. உள்ளே பூச்சைக் கொத்தினபடி விட்டு, செங்கல் தெரிந்த இடத்துக்கு முன்னால் ஜமக்காளம் கட்டி, அதன் மேல் பூச்சரம் விட்டோம், போட்டோவில் நன்றாகவே வந்திருக்கிறது. மறுநாளிலிருந்து வெளியே பள்ளம் தோண்டி, சுவரைச் சமன் செய்து பூசி, இரண்டு வாரம் காயவிட்டு, போன வாரம் ஷீட் ஒட்டினோம், 24 அடி நீளம். பழைய மேஸ்திரி கோபித்துக்கொண்டு வரவில்லை, வேறு ஆள்தான் செய்தார். அவர் முன்பே வாங்கிப் போட்டிருந்த கருப்பு ஷீட்டுக்கு அம்மா காசு கொடுத்துவிட்டார்கள், அது இப்போது விறகுக்கு மேல் கிடக்கிறது. சுவர் இன்னும் ஈரம்தான். கோடு மட்டும் ஒரு விரற்கடை இறங்கின மாதிரி இருக்கிறது, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ தெரியவில்லை.

கொத்துக்கரண்டி
பென்சிலில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தை மாதம் பார்ப்போம்.